ராட்வீலர் என்பதால்தான் கடித்ததா?

பொங்கலுக்கு மறுவாரம் கடலூரில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது அவர்கள் வளர்த்த ராட்வீலர் நாய் என் மகனைக் கடித்துவிட்டது. எட்டு வயசு. முன்கையில் நாலு பல் ஆழமாக இறங்கியிருந்தது. குழாயடியில் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். மருத்துவமனையில் காயத்தைச் சுற்றியே ஊசி போட்டார்கள், அவன் கத்தியது இன்னும் காதில் நிற்கிறது. அட்டையில் 0, 3, 7, 28 என்று தடுப்பூசி நாள் குறித்துக் கொடுத்தார்கள். மிச்ச ஊசிகளைப் பாண்டிச்சேரி வந்து போட்டோம்.

அன்றிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே பேச்சு. "ராட்வீலர்னா அப்படித்தான். அந்த ஜாதி நாயை ஏன் வாங்கினாங்க?" நாய்ப் பிரியர்களான என் நண்பர்களோ, "இனத்துல ஒண்ணுமில்ல, எல்லாம் வளர்ப்பு" என்கிறார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த நாயைக் குட்டியிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

வாங்கும்போது அதற்கு 35 நாள். சின்னதா இருந்தால்தான் வீட்டோடு ஒட்டும் என்று விற்றவர் சொன்னாராம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017 மத்திய அரசு விதி இருக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. கூடப்பிறந்த குட்டியை விளையாட்டில் அழுத்திக் கடித்தால் அது வீலென்று கத்திவிட்டு விலகிப்போகும். பல்லை எவ்வளவு பதிக்கலாம் என்கிற அளவை நாய் அங்கேதான் படிக்கிறது. மூணாவது வாரத்திலிருந்து மூணு மாதம் வரைக்கும் கண்ணில் படுகிற மனிதர், சத்தம், குழந்தை எல்லாம்தான் அதற்குப் பிறகு பயமில்லாத விஷயங்கள். இந்தக் குட்டி அந்த நாட்களில் பார்த்தது கார் ஷெட், கேட், பெரியப்பா, அவர் மகனான அண்ணன், அண்ணி. அவ்வளவுதான்.

ஆறு மாதத்தில் சங்கிலி ஏறியது. "கட்டிப்போட்டாத்தான்மா நாய்க்கு ரோஷம் வரும்" என்பார் பெரியப்பா. ஷெட் தூணைச் சுற்றி அரைவட்டமாக மண் குழிந்து கிடக்கும், சங்கிலி எட்டுகிற தூரம் வரைக்கும். கழுத்தில் வளையமாக முடி கொட்டியிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன்கள் கேட்டில் குச்சியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஓடுவார்கள். அது பாயும், சங்கிலி சுண்டி இழுக்கும், மறுபடி பாயும். வீட்டில் இருப்பவர்கள் "எப்படிக் காவல் காக்குது பாரு" என்று பூரிப்பார்கள். ஆனால் வீட்டு ஆளைப் பார்த்து உறுமினால் மட்டும் அடி விழும். உறுமல் என்பது கடிப்பதற்கு முன்னால் நாய் கொடுக்கிற எச்சரிக்கை. அதை அடித்தே நிறுத்திவிட்டார்கள்.

அன்றைக்குப் பந்து தட்டுப் பக்கம் உருண்டது. மகன் குனிந்தான். நாய் சாப்பிடுவதை நிறுத்தியது. தலையைத் தூக்கவில்லை, கண் மட்டும் பக்கவாட்டில் திரும்பி வெள்ளை தெரிந்தது. ஒரு தடவை மூக்கை நக்கியது. உடம்பு மரக்கட்டை மாதிரி இறுகிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து இத்தனையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதெல்லாம் கடிக்கப் போவதற்கான அடையாளம் என்று எனக்குத் தெரிந்திருந்தால் ஒரு சத்தம் கொடுத்திருப்பேன். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

இனத்துக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. 18,000 நாய்களுக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2022இல் வந்தது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்தில் உள்ள வித்தியாசத்தில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தை வைத்துச் சொல்ல முடிகிறது என்றார்கள். ஆனால் இனம் வேறு, தாய் தகப்பன் வேறு. ரஷ்யாவில் 1959இல் தொடங்கி நரிகளை வளர்த்தார்கள். மனிதரிடம் சாந்தமாக இருந்தவற்றை மட்டும் தலைமுறை தலைமுறையாக இணைசேர்க்க, குட்டிகள் வாலாட்டிக்கொண்டு வந்தன. சீறுகிறவற்றைத் தனியாகச் சேர்த்த வழியில் சீற்றம்தான் பிறந்தது. ஆகவே குணம் ரத்தத்திலும் வரும். குட்டியின் தாயைப் பார்க்காமல் பணம் கொடுக்கிறவர் பாதியைப் பார்க்காமலே வாங்குகிறார்.

உடம்பும் ஒரு கணக்கு. எங்கள் தெரு பொமரேனியன் எத்தனையோ பேர் கணுக்காலைப் பிடித்திருக்கிறது, யாரும் அதன் ஜாதியைக் கேட்டதில்லை. 50 கிலோ ராட்வீலர் ஒரே தடவை கடித்தாலும் கை போய்விடலாம். பெரிய நாய் வைத்திருப்பவருக்குப் பொறுப்பு கூட, இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

அதற்காகப் பெயரை வைத்துத் தடை போட்டால் தீருமா? 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது, அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் அந்தக் கடிதத்தை ரத்து செய்தது. பிரிட்டனில் பிட்புல் இன நாயை 1991லேயே தடை செய்தார்கள். முப்பது வருஷம் கழித்து எக்ஸ்எல் புல்லி என்கிற இன்னொரு பெரிய நாய் வகையையும் தடைப் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது.

அந்த நாயை வில்லியனூர் பக்கம் ஒரு தோப்பில் விட்டுவிட்டார்கள், அங்கேயும் சங்கிலிதான். தூணில் கொக்கி அப்படியே இருக்கிறது. அண்ணன் இப்போது லேப்ரடார் குட்டிக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார், "இது சாதுவான இனம்மா" என்கிறார். கேட்டேன், குட்டிக்கு நாற்பது நாளாம். எட்டு வாரம் ஆகட்டும், தாயையும் பார்த்துவிட்டு எடுக்கலாம், நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கொக்கியை முதலில் கழற்றச் சொன்னேன். பெரியப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.