புத்தகம் படிக்க வயது வரம்பு வைத்தது யார்?

ஞாயிற்றுக்கிழமை நூலகக் கூட்டத்தில் நடந்ததைக் கேரள எல்லையிலுள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறை முழுவதும் பார்த்துவிட்டது. காணொளியை, அங்கே என்னைக் கேலி செய்த ஐயாவே எல்லாக் குழுக்களிலும் போட்டுவிட்டார். கிரேக்கத் தெய்வங்களை வைத்துச் சிறுவர்களுக்காக எழுதப்படும் பெர்சி ஜாக்சன் வரிசையில் 2024இல் வந்த நாவலைப் படித்தேன், மிகவும் மகிழ்ந்தேன் என்றேன். "டீச்சர் இன்னும் வளரவில்லை" என்றார் அவர்.

மகிழ்ந்தேன் என்பதைத் திரும்பவும் சொல்கிறேன். அதில் கடல் தெய்வத்தின் மகனான பெர்சிக்கே கல்லூரியில் சேரத் தெய்வங்களின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படுகிறது. அதற்காக அவன் ஹெக்கட்டி என்னும் தேவதையின் வளர்ப்புப் பிராணிகளை ஒரு வாரம் மேய்க்கிறான். இரண்டு மாநிலச் சான்றிதழ்களோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்த எல்லைப்புறத்துக்காரி இதைப் படித்துச் சிரிக்காமல் வேறென்ன செய்வாள்?

தரமான இலக்கியமா என்கிறார்கள். இருக்கட்டும், இல்லாமலும் போகட்டும்.

நம் புராணம் போதாதா, கிரேக்கத் தெய்வம் எதற்கு என்று கேட்பவர்களுக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். சிறுமியாக இருந்தபோது தாத்தாவோடு தோல்பாவைக்கூத்து பார்க்கப் போவேன். திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் எரியும். கம்பன் பாட்டுக்குப் புலவர் பொருள் சொல்லத் தொடங்கினால் கதை எங்கெங்கோ போய்த் திரும்பும். தாரிகன் என்னும் அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம இராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காகவே அந்தக் கூத்து நடக்கிறது. இத்தனை வயதில் உனக்குக் கதை எதற்கு என்று காளியிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இன்றைக்குக் கூத்துமாடத்தின் முன்னால் விடியும்வரை உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிவிடலாம். புராணத்துக்காக இத்தனை கவலைப்படும் அந்த ஐயாவை அங்கே ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

பிள்ளைகளுக்கு இதுவா முன்மாதிரி என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வாசிப்பதில் சிரமமும் கவனக்குறைவும் இருந்த தன் மகனுக்குச் சொன்ன கதையைத்தான் இதை எழுதும் ரிக் ரியோர்டன் 2005இல் இந்த வரிசையின் முதல் நாவலாக வெளியிட்டார். பெர்சிக்கும் அதே சிரமங்கள் உண்டு, எழுத்துகள் அவன் கண்முன் மிதக்கும். இதை வகுப்பில் தமிழில் சொன்னபோது, எழுத்துக்கூட்டத் திணறும் ஒரு பையன், "அப்ப எங்கப்பனும் சாமிதானுங்களா டீச்சர்?" என்று கேட்டான். அன்று மாலை முதல்முறையாக அவனாகவே ஒரு புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனான். இந்த முன்மாதிரி போதாதென்றால், ஐயா ஒருநாள் வந்து வகுப்பெடுத்துக் காட்டட்டும்.

அவர் பேச்சு எனக்குப் பெரிதல்ல. என்னிடமே புத்தகம் இரவல் வாங்கிப் படித்தவர்களும் சேர்ந்து சிரித்ததைத்தான் மறக்க முடியவில்லை. முதல் ஐந்து பாகங்களும் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கின்றன. வேண்டியவர்கள் வந்து எடுத்துப் போகலாம், வயதுச் சான்றிதழ் கேட்க மாட்டேன்.