ஞாயிற்றுக்கிழமை தேக்கா

போன ஞாயிறு சாயங்காலம் தேக்காவுக்கு, அதாவது சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா பக்கம், கீரை வாங்கக் கிளம்பினேன். "இன்னைக்காடா? ஒரே கூட்டமா இருக்கும், நாளைக்குப் போயேன்" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் முப்பது வருடமாக இதே வசனம். 'கூட்டம்' என்றால் யார் என்பது சிங்கப்பூர்த் தமிழர் எல்லாருக்கும் தெரியும். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கமிருந்து வந்து இங்கே கட்டடம் கட்டுகிற பையன்கள்.

இனவாரியாக ஒதுங்கி வாழ்வது இங்கே இல்லை என்று பெருமை பேசுவோம். பொய்யும் இல்லை. 1989 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டும் அரசாங்க வீடுகளுக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், சீனர் 87%, மலாய்க்காரர் 25%, இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 15%, அதற்கு மேல் போகக்கூடாது. சீனர் பங்கு நிரம்பிய புளோக்கில் இருக்கும் நம்மாள் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருபவர் குறைவு, விலையும் இறங்கும். இதைப் பற்றிப் புலம்பாத தீபாவளி விருந்து உண்டா? இருந்தும் நான் இந்தக் கொள்கையின் பக்கம்தான். எதிர்வீட்டு மலாய்ப் பாட்டி நோன்புப் பெருநாளுக்குக் கொடுத்தனுப்பும் ரெண்டாங் கறி அதனால் கிடைத்தது.

ஆனால் இந்தக் கலப்பெல்லாம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். கட்டுமான வேலைக்கு வொர்க் பெர்மிட்டில் வந்த தமிழ்நாட்டுக்காரர் வீவக வீட்டில் ஓர் அறைகூட வாடகைக்கு எடுக்க முடியாது. துவாஸ், கிராஞ்சி என்று தீவின் ஓரங்களில் விடுதி. 2008இல் சிராங்கூன் கார்டன்ஸில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தை விடுதியாக்கப் போகிறார்கள் என்றதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். விடுதி வந்தது. கூடவே, ஊழியர்கள் குடியிருப்புத் தெருக்களுக்குள் வராதபடி தனிச் சாலையும் வந்தது. தாத்தா தன் கிராமத்தில் சேரிக்காரர்களுக்குத் தனிப்பாதை இருந்ததாகச் சொல்வார். அதுதான் ஞாபகம் வருகிறது.

2020இல் கொவிட் எண்ணிக்கையை எப்படி அறிவித்தார்கள் என்று நினைவிருக்கிறதா? 'சமூகத்தில்' இத்தனை பேர், 'விடுதிகளில்' இத்தனை பேர். விடுதிகளில் இருந்தவர்கள் சுமார் 3 லட்சம். அவர்கள் சமூகத்தில் சேர்த்தியில்லை. தினமும் அதைக் கேட்டோம், யாருக்கும் உறுத்தவில்லை, எனக்கும்தான்.

'இந்தியருக்கு வாடகைக்கு இல்லை' என்ற விளம்பரத்தைக் கண்டால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. சரிதான், கொதிக்கட்டும். ஆனால் புளோக்கின் கீழே திறந்திருக்கும் வெற்றுத்தளத்தில் நாலு ஊழியர்கள் சாப்பிட உட்கார்ந்தால் புளோக் வாட்ஸ்அப் குழுவில் முதல் புகைப்படம் போடுவது யார்? எங்கள் குழுவில் போட்டது ஒரு தமிழர்.

கீரையோடு வீரமாகாளியம்மன் கோயிலுக்கு எதிரே நின்றிருந்தேன். "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, வீட்ல கோபுரம் பாக்கணுங்கிறாங்க" என்று ஒரு பையன் கைப்பேசியை உயர்த்தினான். பேச்சுக் கொடுத்தேன். தங்குவது கிராஞ்சி. நான் குடியிருப்பது ஈசூன் என்றதும் முகம் மலர்ந்தது.

"ஈசூன்ல ஒரு வருசம் புளோக் வேலை பார்த்தேண்ணே. முடிஞ்சப்புறம் அந்தப் பக்கம் வந்ததில்ல. இப்ப ஆள் குடிவந்தாச்சா?"

வந்தாச்சு என்றேன்.