தவக்குல்னா, அல்லாஹ்வை முழுசா நம்புவதுன்னா, ஊசி போடாமல் இருப்பதா?

அந்த வாய்ஸ் நோட்டை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தக்கலையிலிருந்து குளச்சல் வரைக்கும் ஒரு மஹல்லா (பள்ளிவாசல் ஜமாஅத்) வாட்ஸ்அப் குழுவையும் விடவில்லை. "நோயைத் தருகிறவன் அல்லாஹ், பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டால் பிள்ளையை அனுப்பாதீர்கள்" என்கிறார் அதில் பேசுகிறவர். 2017-இல் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) தடுப்பூசி வந்தபோதும் இதே புரளிதான். பேசினவர் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். மூளைக்காய்ச்சல் ஊசி போடாமல் ஹஜ்ஜுக்கு விடமாட்டார்களே காக்கா (அண்ணே), அன்றைக்குத் தவக்குலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டீர்களா?

தடுப்பு தவக்குலுக்கு எதிரி இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அப்புறம் அல்லாஹ்வை நம்பு என்றுதான் நபி (ஸல்) சொன்னார்கள், திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. கலீஃபா உமர் (ரலி) ஷாமுக்கு (சிரியா பக்கம்) போகும் வழியில், சர்ஃக் என்ற இடத்தில், கொள்ளைநோய்ச் செய்தி கேட்டுத் திரும்பினார்கள். "அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள்?" என்று நபித்தோழர் அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். "ஆம், அவன் விதியிலிருந்து அவன் விதிக்கே போகிறோம்" என்பது பதில். இதற்கு மேல் என்ன வேண்டும்?

"தொற்று கிடையாது என்று ஹதீஸ் இருக்கிறதே" என்று வருவீர்கள். தெரியும். தொழுநோயாளியிடமிருந்து சிங்கத்தைக் கண்டதுபோல் ஓடு என்று அதே ஹதீஸ்தான் சொல்கிறது. பாதியை மட்டும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள். ஊசி மருந்தில் பன்றி ஜெலட்டின் இருக்கிறதா என்ற கேள்வி நியாயமானது, ஆலிம்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) கேளுங்கள். மணல்வாரியையும் பெரியம்மையையும் பிரித்துக் காட்டித் தனி நூலே எழுதிய மருத்துவர் அர்-ராஸி யார்? நம்ம ஆள்தானே.

என் மாமாவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ. வலது செருப்பின் முனை மட்டும் இழுத்து இழுத்துத் தேய்ந்திருக்கும். பள்ளிவாசலில் கடைசி ஸஃப்பில் (வரிசையில்) நாற்காலி போட்டுத் தொழுவார். சொட்டு மருந்து ஞாயிறுகளில் தெருமுனையில் நின்று, "ஏ மக்களே, பிள்ளையைக் கொண்டு வா" என்று வீடு வீடாகக் குரல் கொடுப்பவர் அவர்தான். ஐந்து வேளையும் தொழுத மனுஷன். அவருக்கும் ஈமான் (இறைநம்பிக்கை) குறைவா?

ஏன் கேட்கிறேன் என்றால், இதைக் குழுவில் எழுதியதற்கு எனக்குக் கிடைத்த பதில், "உனக்கு ஈமான் குறைவு" என்பதுதான். எங்கள் வீட்டு நோன்புக்கஞ்சி குடித்தவரே எழுதினார். இன்னொருத்தர், "பொம்பளைக்கு எதற்கு மார்க்கப் பேச்சு" என்றார். சரி. நபி காலத்துப் பெண்மணி ருஃபைதா (ரலி) நபியின் பள்ளிவாசலிலேயே கூடாரம் போட்டுக் காயம்பட்டவர்களைக் கவனித்தார்கள். எனக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவில்கூட இடமில்லை, நீக்கிவிட்டார்கள்.

மகளுக்கு ஊசி போட்டாச்சு. இன்பாக்ஸில் ரகசியமாக வந்து "நீ சொன்னது சரிதான்" என்கிறவர்களே, அதைக் கொஞ்சம் அந்தக் குழுவிலேயே சொல்லுங்களேன்.