கேள்வித்தாள் நிரப்பினால் தஞ்சோங் ரம்புத்தானா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: "இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) கிளினிக் போனால் மனசைப் பற்றி 9 கேள்வி கேட்பார்கள். பதில் எழுதினால் பைத்தியம் என்று பதிந்து தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள்."

தவறு. கடந்த 2 வாரத்தில் தூக்கம், சோர்வு, ஆர்வம் எப்படி என்று பார்க்கும் முதற்கட்ட சோதனை அது. மதிப்பெண் கூடினால் டாக்டர் உட்கார்ந்து பேசுவார், தேவைப்பட்டால் கவுன்சலிங்.

சரி, இனிப்புநீருக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்? இந்த நோயாளிகளுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம். அது வந்தால் மாத்திரை மறக்கும், நடை நிற்கும், சர்க்கரை ஏறும். அப்போது மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் என்ன பயன்?

1911இல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்லித்தான் தாத்தா காலத்திலிருந்தே பயங்காட்டுகிறோம். அங்கே சேர்க்க டாக்டர் நேரில் பரிசோதிக்க வேண்டும். ஒரு தாள் போதாது.