அசனப் பந்தியும் ஒடிசாப் பையன்களும்

போன வாரம் எங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், அசனம் என்கிற பொது விருந்து. சுற்றுச்சுவர் கட்டிக்கொண்டிருக்கும் ஒடிசாப் பையன்கள் ஆறு பேர் கைகழுவிவிட்டு முதல் பந்திக்கே வந்துவிட்டார்கள். "அவனுவ கடைசிப் பந்தியில இருக்கட்டும்ல" என்றார் ஒரு அண்ணாச்சி. எழுந்து போனார்கள். கடைசிப் பந்திக்குள் கறி தீர்ந்துவிட்டது. அண்ணாச்சியை மட்டும் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் இருந்த நானும் வாயைத் திறக்கவில்லை.

அதே அண்ணாச்சி, டெக்சாஸில் இருக்கும் மகனுக்கு விசா நீட்டிப்புக் கிடைக்க மாதக்கணக்காக ஜெபக் குறிப்பு கொடுத்து வருகிறார். நாங்களும் 'ஆமென்' சொல்கிறோம்.

2025 ஜனவரியில் அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸ், குடியேறிகளைப் பற்றிய பேச்சில், முதலில் குடும்பம், அப்புறம் அயலார், ஊர், நாடு, அதற்குப் பிறகே மற்றவர்கள் என்பதுதான் கிறிஸ்தவ முறை என்றார். அடுத்த மாதமே போப் பிரான்சிஸ் அமெரிக்க ஆயர்களுக்குக் கடிதம் எழுதினார்: கிறிஸ்தவ அன்பு அப்படி வட்டம் வட்டமாக விரிவதல்ல, வழியில் அடிபட்டுக் கிடந்த முன்பின் தெரியாதவனுக்கு உதவிய நல்ல சமாரியன் உவமையைப் பாருங்கள் என்று. நாட்டுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்பதையும் அதே கடிதத்தில் ஒத்துக்கொண்டார். நாங்கள் சி.எஸ்.ஐ. (போப்புக்குக் கீழ் வராத தென்னிந்தியத் திருச்சபை) என்றாலும் இந்த விஷயத்தில் நான் போப் கட்சி.

வான்ஸ் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. தன் வீட்டாரைக் கவனிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பைபிளில் தீமோத்தேயுவுக்கு எழுதின நிருபத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு, "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்று இயேசு சொன்னதைத் தாண்டிப் போக முடியாதே.

அதுவும் நம்மாலா? 1799-ல் நம் பக்கத்துக் கிறிஸ்தவ ஊரான முதலூர் எப்படி உண்டானது? கிறிஸ்தவர்களானதற்காகத் துன்புறுத்தப்பட்டவர்கள் ஒதுங்க ஒரு இடம் வேண்டும் என்றுதான். எங்கள் தாத்தா தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்பில் ஒரு கடையில் சம்பளத்துக்கு நின்றவர். அங்கே நம் ஆட்களை என்ன பெயர் சொல்லித் திட்டினார்கள் தெரியுமா? கள்ளத்தோணி, திருட்டுத்தனமாகத் தோணியேறி வந்தவன் என்று. 'வடக்கன்' என்று நாம் இழுத்துச் சொல்லும்போது எனக்கு அதுதான் காதில் விழுகிறது.

யாருக்கு விசா, யாருக்குக் குடியுரிமை என்பதை அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும். ஒடிசாக்காரனுக்கு இங்கே வர விசாவே தேவையில்லை. நம் பந்தியில் இடம் கொடுக்க எந்தச் சட்டம் தடுத்தது?

பைபிளில் உபாகமம் 24-ஆம் அதிகாரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கூலிக்காரன் சகோதரனானாலும் அந்நியனானாலும் பொழுது சாயுமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டுமாம். கட்டடக் கமிட்டியில் நானும் இருக்கிறேன். பணத்தை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிடுகிறோம். பையன்கள் கைக்கு எவ்வளவு போகிறது, எப்போது போகிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. கேட்கப்போகிறேன். அண்ணாச்சியும் இருப்பார்.