ஷேக்ஸ்பியர் தலையில் கட்டிய வரி

'ஹெல் ஹாத் நோ ஃப்யூரி லைக் எ வுமன் ஸ்கார்ன்ட்.' புறக்கணிக்கப்பட்ட பெண்ணின் சீற்றத்துக்கு நரகத்திலும் ஈடில்லை என்கிற இந்த வாசகம், ஷேக்ஸ்பியர் சொன்னதாகச் சுற்றிவருகிறது. அது தவறு. அவருடைய எந்த நாடகத்திலும் இது கிடையாது.

எழுதியவர் வில்லியம் காங்கிரீவ். 1697-இல் லண்டனில் அரங்கேறிய 'தி மோர்னிங் பிரைட்' நாடகத்தில், மூன்றாம் அங்கம் முடியும் இடத்தில் வருகிறது. ஷேக்ஸ்பியர் இறந்தது 1616-இல். காங்கிரீவ் பிறந்ததே 1670-இல்தான்.

சிறைப்பட்ட அரசி ஸாரா, தான் விரும்பும் ஓஸ்மினின் மனம் அல்மீரியாவிடம் இருப்பதைத் தெரிந்துகொண்டு கொதித்துப் பேசும் வசனம் இது. மூலத்தில் இரண்டு வரிகள்: காதல் வெறுப்பாக மாறினால் வருகிற ஆத்திரம் சொர்க்கத்தில் இல்லை, புறக்கணிக்கப்பட்ட பெண்ணின் சீற்றம் நரகத்தில் இல்லை. முதல் வரியைக் கழற்றிவிட்டு, இரண்டாவதை வளைத்து, பழைய வாடைக்கு ஒரு 'ஹாத்' வேறு சேர்த்துவிட்டார்கள். காங்கிரீவ் எழுதியது சாதாரண 'ஹேஸ்'தான். என்னைக் கேட்டால், கழற்றிவிட்ட வரிதான் மேல். அது ஆண்களையும் விட்டுவைக்கவில்லை.

அப்புறம், முரட்டு நெஞ்சையும் தணிக்கும் வசீகரம் இசைக்கு உண்டு என்ற வரி? அதுவும் இதே நாடகத்தின் தொடக்க வரி. அதையும் ஷேக்ஸ்பியர் கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு.