மாடிப்படிக்கு அடியில் மீட்டர் போர்டு

போன மே மாதம் ஒரு ராத்திரி, மணி பதினொன்றரை இருக்கும். கரண்ட் போனது. வெயில் காலத்தில் எங்கள் தெருவுக்கு அது புதிதில்லை என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை. எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்தால் மாடிப்படியே தெரியவில்லை. டார்ச் வெளிச்சம் ஒரு முழத்தைத் தாண்டவில்லை. கண்ணைக் கரிக்கிற கறுப்புப் புகை கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது.

எங்களுடையது சென்னையில் எங்கும் பார்க்கக்கூடிய பழைய ஃப்ளாட். கீழே வண்டி நிறுத்தும் இடம், மேலே மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, ஒரே ஒரு மாடிப்படி. நான் இருப்பது மூன்றாவது மாடி. எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, முழங்கால் வலி, பிள்ளைகள் வெளியூரில். அவரும் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். "என்னம்மா ஆச்சு? மேல போயிடலாமா?" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக மொட்டை மாடிக் கதவு வரைக்கும் ஏற்றிவிட்டேன். கதவில் பூட்டு தொங்கியது. சாவி செகரட்டரி சாரிடம். அவர் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார்.

அந்தப் பூட்டைக் கையில் பிடித்தபடி அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பெரியம்மா இருமிய இருமல் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. புகை மேலே வந்து தேங்குகிற இடமே அதுதான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அப்படியே இறங்கி என் வீட்டுக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, ஈரத்துண்டைக் கதவடியில் திணித்து, இரண்டு பேரும் பால்கனியில் போய் நின்றோம். 101க்கு அங்கிருந்துதான் பேசினேன். தீயணைப்பு வண்டி வந்தது, அணைத்தார்கள். நாலு மீட்டரும் ஒரு ஸ்கூட்டரும் போயின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எரிந்தது மீட்டர் போர்டு. அது இருந்தது மாடிப்படிக்கு அடியில்.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கும் வீட்டு மீட்டர் அதே இடத்தில்தான் இருக்கும். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற முக்கோண இடம் வேறு எதற்கும் ஆகாது என்று கட்டுகிறவர்கள் மீட்டரை அங்கே வைத்துவிடுகிறார்கள். பக்கத்தில் இரண்டு சக்கர வண்டிகள், அவற்றின் டாங்கில் பெட்ரோல். மீட்டர் பெட்டிக்குக் கீழே காலி பெயின்ட் டப்பா, பழைய செய்தித்தாள் கட்டு, போன வருஷத்துக் கொலு அட்டைப்பெட்டி. எங்கள் ஃப்ளாட்டில் இது அத்தனையும் இருந்தது. பன்னிரண்டு குடும்பமும் தப்பிப்பதற்கு இருந்த ஒரே வழியின் வாசலில், தீப்பிடிக்க வாய்ப்பு அதிகமுள்ள பொருளைக் கொண்டுபோய் நாங்களே வைத்திருந்தோம். இருபது வருஷம் அதைத் தாண்டித்தான் தினமும் போய் வந்தேன்.

வந்து பார்த்த வயர்மேன் சொன்ன காரணம் எளிமையானது. இந்தக் கட்டடம் எழும்பியபோது வீட்டுக்கு நாலு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு டிவி. இன்றைக்கு வீட்டுக்கு இரண்டு ஏ.சி., கீசர், இண்டக்ஷன் அடுப்பு. வயர் மட்டும் அதே வயர். மே மாதம் ராத்திரி எல்லா ஏ.சி.யும் ஒன்றாக ஓடும்போது, எங்கேயோ ஒரு முனையில் ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகி, மேலுறை உருகி, பக்கத்து வயரும் பிடித்துக்கொள்ளும். எரிந்த ஒரு துண்டை என் கையில் கொடுத்தார். செம்பு கறுத்துப்போய், மேலே இருந்த பிளாஸ்டிக் மெழுகு வழிந்த மாதிரி உறைந்திருந்தது. இரண்டு மாதமாகவே கீழ்வீட்டில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்ததாம். 'வோல்டேஜ் பிரச்சினை' என்று விட்டுவிட்டார்கள்.

தீ என்றதும் நமக்கெல்லாம் மனதில் வருவது ஜுவாலை. ஆனால் அடுக்குமாடியில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது புகை. அதில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, மயங்கி விழுகிறவருக்கு மயங்கப்போகிறோம் என்றே தெரியாது. 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் ராத்திரி சார்ஜ் போட்டிருந்த மின்சார பைக் தீப்பிடித்து, அப்பாவும் மகளும் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். அதே வருஷம் செப்டம்பரில் செகந்திராபாத்தில் ஒரு லாட்ஜுக்குக் கீழே இருந்த மின்சார ஸ்கூட்டர் விற்பனைக் கடையில் தீப்பிடித்தது. புகை மாடிப்படி வழியாக மேலே ஏறி, அறைகளில் இருந்தவர்களில் எட்டுப் பேர் செத்தார்கள். கீழே பற்றியது, மேலே இருந்தவர்கள் போனார்கள். இரண்டையும் அப்போதே பேப்பரில் படித்தவள்தான் நான். என் வீட்டு மாடிப்படியோடு அதைச் சேர்த்து யோசிக்கவில்லை.

லண்டன் கிரென்ஃபெல் டவர் பற்றி இந்த மூன்று மாதத்தில் நிறையப் படித்தேன். 24 மாடிக் கட்டடம், அதற்கும் ஒரே ஒரு மாடிப்படிதான். 2017 ஜூன் 14 அன்று நடுநிசி தாண்டி, நாலாவது மாடி வீடு ஒன்றின் சமையலறையில் ஃபிரிட்ஜில் ஆரம்பித்த தீ. புதுப்பிக்கிறோம் என்று வெளிச்சுவரில் ஒட்டியிருந்த பலகைகளில் எரியக்கூடிய பிளாஸ்டிக் இருந்ததால், சுமார் அரைமணியில் உச்சி வரைக்கும் போய்விட்டது. இறந்தவர்கள் 72 பேர். வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த அதிகாரிகள் அதை மாற்றிக்கொண்டபோது மணி 2.47. தானாக மூடிக்கொள்ள வேண்டிய வீட்டுக் கதவுகள் பல மூடவில்லை, அதனால் புகை நடைவழிக்கும் மாடிப்படிக்கும் வந்துவிட்டது. இதில் என்னை மிகவும் வருத்தியது, அங்கே குடியிருந்தவர்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள் என்பது. எழுதினார்கள், புகார் செய்தார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. 2025 நவம்பரில் ஹாங்காங்கில் வாங் ஃபுக் கோர்ட் என்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த தீயிலும் 150 பேருக்கு மேல் போனார்கள். அங்கேயும் புதுப்பிக்கும் வேலைக்காகக் கட்டியிருந்த சாரத்து வலையைப் பற்றிக் குடியிருப்பவர்கள் முன்பே புகார் கொடுத்திருந்தார்கள், அன்றைக்கு அலாரமும் ஒழுங்காக அடிக்கவில்லை.

நம் நிலைமை வேறு. நம்மைப் போன்ற மூன்று மாடிக் கட்டடத்துக்கு யாரும் வந்து பார்ப்பதே இல்லை. தமிழ்நாட்டு விதிப்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் உயரமான கட்டடம், தீயணைப்புத் துறையின் கெடுபிடியெல்லாம் பெரும்பாலும் அவற்றுக்குத்தான். ஆக, நம் கட்டடத்தைப் பார்க்க வேண்டியது நாம்தான்.

சரி, என்ன செய்தோம் என்று சொல்கிறேன். தீ நடந்த மறுவாரம் கூட்டம் போட்டோம். பெயின்ட் அடிக்கக் கூடுகிற கூட்டத்தை விட ஆள் குறைவு. மாடிப்படியில் இருக்கிற சாமான்களை எடுக்கச் சொன்னதும் முகங்கள் மாறின. "ஒரு ஷூ ஸ்டாண்டு வெச்சா என்ன?" "எங்க வீட்டுல இடம் இல்லையே, சைக்கிளை எங்க கொண்டுபோய் வைக்கிறது?" அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அறுநூறு சதுர அடி வீட்டில் பரண் நிரம்பினால் சாமான் வாசலுக்குத்தான் வரும். ஆனால் புகையில் கண் தெரியாமல் தடவிக்கொண்டு இறங்குகிறவருக்கு அந்த ஸ்டாண்டு என்ன செய்யும் என்று யோசிக்க வேண்டும். நான் கோபப்பட்டுத்தான் பேசினேன். அதற்காக வருத்தப்படவில்லை.

மொட்டை மாடிப் பூட்டுக்கு ஒரு கார்பென்டர்தான் வழி சொன்னார். பூட்டு எதற்கு, திருடன் மொட்டை மாடி வழியாக வருவான் என்கிற பயம்தானே. அப்படியானால் படிக்கட்டுப் பக்கம் ஒரு நல்ல தாழ்ப்பாள் போதும். வெளியிலிருந்து வருகிறவனால் திறக்க முடியாது, உள்ளே இருக்கிற யாரும் சாவி இல்லாமல் திறக்கலாம். சில நூறு ரூபாய், அரைமணி வேலை. இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றவில்லை.

மீட்டர் போர்டை இடம் மாற்ற ஈ.பி.யில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், அது நடக்கும்போது நடக்கட்டும். அதுவரைக்கும் பக்கத்தில் வண்டி நிறுத்தக் கூடாது, ஒரு காகிதம்கூட வைக்கக் கூடாது, மின்சார ஸ்கூட்டரை மாடிப்படி ஓரம் சார்ஜ் போடக் கூடாது என்று முடிவு. முனைகளை எல்லாம் வயர்மேனை வைத்து முடுக்கியாயிற்று. தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர் ஒன்று சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அழுத்தம் காட்டுகிற முள் பச்சையில் இல்லை. புதிதாக இரண்டு வாங்கினோம். வாட்ச்மேன் அண்ணன் உட்பட எல்லோரும் பின்னை இழுத்து, நெருப்பின் அடியைப் பார்த்து அடித்துப் பழகினோம். நிமிடக்கணக்கில் வரும் என்று நினைத்திருந்தேன், சில விநாடிகளில் தீர்ந்துவிட்டது. ஆரம்பத்திலேயே அணைக்க முடிந்தால் சரி, இல்லையென்றால் போட்டுவிட்டு வெளியேற வேண்டியதுதான். அப்புறம், மின்சாரத் தீயில் தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள். அன்றைக்கு ஒருவர் பக்கெட்டோடு ஓடினார், வாட்ச்மேன் அண்ணன்தான் பிடித்து நிறுத்தினார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அன்று நான் தெரியாமல் செய்த தப்பு அது. மாடிப்படி தெளிவாக இருந்தால் கீழே இறங்குங்கள், லிஃப்ட் வேண்டாம். மாடிப்படியில் புகை அடர்ந்திருந்தால் அதற்குள் நுழையாதீர்கள், மேலேயும் ஏறாதீர்கள். கதவைச் சாத்தி, இடுக்கை ஈரத்துணியால் அடைத்து, வெளிக்காற்று வரும் பக்கம் போய் நின்று 101க்குச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்குள்ளேயே தீ என்றால் வெளியே வரும்போது கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். பால்கனி முழுக்க கிரில் அடித்திருப்பவர்கள் ஒரு பகுதியைத் திறக்கிற மாதிரி வைத்து, சாவியை அங்கேயே ஆணியில் மாட்டுங்கள்.

பெரியம்மாவை எப்படி இறக்குவது என்பதுதான் பாக்கி இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முதல் மாடிப் பையன்கள் இரண்டு பேர் தூக்கி இறக்கிப் பார்த்தோம். "மெதுவாப்பா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலிக் கால் அந்த ஷூ ஸ்டாண்டில் இடித்து நின்றுவிட்டது, திருப்ப முடியவில்லை. அந்த வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் நான் பால் வாங்கப் போகும்போது அந்த இடம் காலியாக இருந்தது.